வெள்ளைக்குள் போன சிக்னியின் பெயர்

வெர்னா ஹுல்கோ என்றாலே எனக்கு முதலில் அவள் வாய்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் ஸ்புரூஸ் பாயிண்ட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எந்த உறைகுளிரிலும் காலை ஏழேகாலுக்கு வண்டியைக் கிளப்பிவிடுவாள். பின்சீட்டில் எவன் எவள் தொப்பியைப் பிடுங்கினான் என்பதைத் திரும்பாமலே சொல்லுவாள். பிள்ளைகளை ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டால் மூன்று மணி வரை சும்மாதான். அந்த நேரத்தில் பனித்தரையில் கல்லைத் தள்ளி, துடைப்பத்தால் வழி தேய்த்து ஆடும் எங்கள் கர்லிங் மன்றத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறாள். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

நான் டோரிஸ், மன்றத்துச் சமையலறை என் பொறுப்பு. போன வருஷம் நடந்த அசிங்கத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பனித்தரையில் சிவப்புக் கல்லைத் தள்ளும் அணியின் பெயரைச் சிவப்பிலும், மஞ்சள் கல்லைத் தள்ளும் அணியின் பெயரை மஞ்சளிலும் எழுத வேண்டும். அரங்கத்துக் கரும்பலகையில் அப்படித்தான். இணையதளத்திலும் அப்படியே வேண்டும் என்று கமிட்டி அடம்பிடித்தது. வெள்ளைப் பக்கத்தில் மஞ்சள் எழுத்து கண்ணுக்குப் பிடிபடுமா என்ன? முதல் ஆட்டம் இருக்கும் மேல்பட்டையை மட்டும் கமிட்டிக்கார மார்வின் கறுப்பாக்கினான். கறுப்பில் பெயர் எடுப்பாக இருக்கட்டும் என்று தலைவர் எல்மர் பென்னர் அந்தப் பட்டையில் வரும் மஞ்சள் அணியின் பெயரை வெள்ளையாக்கினார். இது என்ன சாவு வீடு மாதிரி என்று மூன்றாவதாக ஒரு மேதாவி பட்டையை மறுபடி வெள்ளையாக்கியது. அந்த மேதாவி நான்தான்.

வெள்ளைப் பட்டையில் வெள்ளை எழுத்து. ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்திருந்த சிக்னி எரிக்சன் போனில் பார்த்தாள். காலை எட்டு மணி முதல் ஆட்டத்தில் தன் பெயர் இல்லை என்று நினைத்து, அணியோடு விடுதியில் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். பத்து மணிக்குத் துடைப்பத்தோடு வந்து நின்றபோது அவர்கள் தோற்றுக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கால் மணி நேரம் தாமதமானாலே ஆட்டம் போச்சு என்பது விதி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வருஷம் பெண்கள் போட்டிக்கு ஏழே அணிகள் பெயர் கொடுத்திருந்தன. எட்டு சேராவிட்டால் போட்டியே கிடையாது. முப்பத்தொரு வருஷமாக ஒரு பிப்ரவரிப் போட்டியைக்கூட விடாமல் ஆடியவள் வெர்னா. அவளே சிக்னிக்குப் போன் போட்டாள். சத்தத்தை அவள் ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"எம் பேர எம் போன்ல நான் படிக்கணும். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள படிச்சேன்னா வர்றேன். இல்லன்னா உங்க கல்லக் கட்டிக்கிட்டு நீங்களே உருளுங்க" என்றாள் சிக்னி.

"படிப்ப" என்றாள் வெர்னா. போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "வாக்குக் குடுத்துட்டேன்டி டோரிஸ்" என்றாள். அவள் குரல் அப்படிக் கம்மிப் போய் நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை காலை கணினியோடு என் சமையலறை மேசைக்கு வந்துவிட்டாள். நான் மாவு திரட்டிப் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தேன். எல்மர் காபிக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன வெர்னா, கலர மாத்துறதுக்கு நாலு நாளா? உன் பஸ்ஸுக்கு ஒரே நாள்ல பெயின்ட் அடிச்சுட்டாங்களே."

"பஸ்ஸுக்கு ஒருத்தன் அடிச்சான். இதுக்கு ஊரே அடிச்சிருக்கு. காபியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

அந்த இணையப் பக்கம் பெட்டி பெட்டியாக இழுத்து வைத்துக் கட்டுகிற வகை. நிறத்தை முழுத் தளத்துக்கும் சொல்லலாம், ஒரு பட்டைக்குச் சொல்லலாம், ஒரு பெட்டிக்குச் சொல்லலாம், ஒரே ஒரு சொல்லைப் பிடித்தும் சொல்லலாம். வெர்னா தளம் முழுவதற்கும் எழுத்தைக் கறுப்பாக்கினாள். பாதிப் பெயர்கள் சொன்னபடி கேட்டன, பாதி கேட்கவில்லை.

"ஏன்டி கேக்கல?" என்றேன்.

"நம்ம ஆட்டத்துல கேப்டன் அந்தக் கோடியில நின்னு தொண்டை கிழியக் கத்துறா. ஆனா கல்லு பக்கத்துல தொடப்பத்தோட ஓடுறவ தேய்ச்சாத்தானே கல்லு போவுது? அதே கததான். சொல்லுக்குப் பக்கத்துல இருக்குற உத்தரவுதான் ஜெயிக்குது. ஆளாளுக்கு ஈமெயில் கடுதாசிலேர்ந்து பேர ஒட்டினீங்கல்ல, அதோட கலரும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு."

அது எனக்கே புரிந்தது. செவ்வாய் முழுக்க ஒவ்வொரு பெயராகப் பிடித்து, ஒட்டிக்கொண்டு வந்த நிறத்தையெல்லாம் உரித்தாள். எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து நாற்பத்திரண்டு பெயர்கள். புதன்கிழமை பதினொரு மணிக்கு நாற்பத்தொன்று கறுப்பாக வந்துவிட்டன. மேல்பட்டையில் ஒன்று மட்டும் வரவில்லை.

சிக்னி எரிக்சன். போன வருஷம் இருந்த அதே இடத்தில்தான் இந்த வருஷமும் குலுக்கலில் விழுந்திருந்தாள். அந்த இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. வெர்னா அதை அழித்து எழுதினாள், பெட்டியையே தூக்கிவிட்டுப் புதுப்பெட்டி வைத்தாள். எழுதும்போது தெரிகிற பெயர், சேமித்ததும் காணாமல் போனது. கணினியைப் படாரென்று மூடினாள். "வேணும்னே செய்யுது சனியன்" என்றாள். பட்டையை வெள்ளையாக்கிய பாவி நான்தானே.

ஒரு தட்டுப் பெரோகியும் புளித்த கிரீமும் அவள் முன்னால் வைத்தேன். பாதித் தட்டு காலியானதும் மறுபடி திறந்தாள். இதுவரை தொடாத இடமெல்லாம் துழாவி, கைப்பட எழுதும் குறிப்புகளுக்கென்று தளத்தின் மூலையில் இருந்த ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தாள். அதில் ஒரே ஒரு வரி. மேல்பட்டையில் மஞ்சள் அணியின் இடத்தில் எந்தப் பெயர் வந்தாலும் வெள்ளையாகக் காட்டு என்ற உத்தரவு, கடைசியில் 'மற்ற எதையும் கேட்காதே' என்று ஒரு முத்திரை வேறு.

"எல்மர்!" அவள் போட்ட சத்தத்தில் அடுப்படிக் கரண்டி ஆடியது. "இது யாரோட கைவரிச?"

எல்மர் வந்து பார்த்தார். காது சிவந்துவிட்டது. "நான்தான். என் மச்சான் சொல்லிக்குடுத்தான். பேரு கறுப்புல நல்லாத் தெரியட்டும்னு. அத எடுத்துராத வெர்னா, எடுத்தா பக்கமே சரிஞ்சிரும்னான்."

"சரிஞ்சா நான் தாங்கிப் புடிச்சுக்கறேன்."

அழித்தாள். சேமித்தாள். பக்கம் சரியவில்லை. மேல்பட்டையில் சிக்னி எரிக்சன் என்ற பெயர், எருமை மாதிரி கறுகறுவென்று வந்து நின்றது. நான் மாவுக் கையோடு வெர்னாவைக் கட்டிக்கொண்டேன். அவள் சட்டை பாழானதைப் பற்றி இன்றுவரை பேச்சு வாங்குகிறேன்.

ஆனால் எல்மர் விடுகிற ஆளா? "கறுப்பா? மஞ்சக் கல்லுக்காரி பேரு மஞ்சள்லதான் இருக்கணும். கமிட்டி ஒத்துக்காது" என்றார்.

வியாழன் காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. வெர்னா இரண்டு பக்கங்கள் தயார் செய்து வைத்திருந்தாள். எல்மரை ஜன்னலோரம் கூட்டிப்போனாள். வெளியே பனி மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. பெயரெல்லாம் பழையபடி சிவப்பும் மஞ்சளுமாக இருந்த பக்கத்தை அவர் போனிலேயே திறந்து நீட்டினாள்.

"எட்டு மணிக்கு மஞ்சக் கல்லு யாருக்கு? படி."

எல்மர் போனைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிச்சம் அதிகமா இருக்கு" என்றார்.

"சிக்னி உறைஞ்ச ஏரி மேல வண்டி ஓட்டிக்கிட்டு வரணும். அங்க அவளுக்காக வெளிச்சத்தக் கொறைப்பாங்களா?"

மார்வின் சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்தது. வெர்னா அடுத்த பக்கத்தைத் திறந்தாள். எல்லாப் பெயரும் கறுப்பு. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கைப்பிடியோடு குட்டியாக ஒரு கல் படம், சிவப்பு அல்லது மஞ்சள். எல்மர் அதே ஜன்னலில் நின்று நாற்பத்திரண்டு பெயர்களையும் கடகடவென்று வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கியதும் அவரேதான். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பதினொன்றரைக்கு வெர்னாவின் போன் அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"சனிக்கிழமை எட்டு மணி, மூணாவது தடம், மஞ்சக் கல்லு. எதிர்ல நீதானே வெர்னா?"

"நான்தான்."

"அப்ப நல்லாத் தூங்கிட்டு வா."

எட்டு அணி! வெர்னா பேருந்து ஓட்டும் குரலில் அரங்கம் அதிரக் கத்தினாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போனாள்.

சனிக்கிழமை சிக்னி ஏழரைக்கே வந்துவிட்டாள். வெர்னாவை ஏழுக்கு நாலு என்று அடித்து நொறுக்கினாள். கை குலுக்கிய கையோடு வெர்னா நேராகச் சமையலறைக்கு வந்து, தன் தோல்வியைத் தானே பக்கத்தில் ஏற்றினாள்.

"தோத்ததக்கூட இவ்வளவு பளிச்சுன்னு போடணுமா?" என்று எல்மர் வம்புக்கு இழுத்தார்.

வெர்னாவின் தோளுக்குப் பின்னால் சிக்னி வந்து நின்றிருந்தாள். கழுத்தை நீட்டித் திரையில் தன் பெயரைச் சத்தமாக வாசித்தாள், பிறகு இன்னொரு தடவை வாசித்தாள்.