நான் தடுத்து வைத்த ‘ஊசிநூல்’

சென்ற ஆண்டு ஆடி மாதம், திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலுமாக நடந்தது இது. எதையும் வரிசை போட்டுச் சொல்வது என் பழக்கம். முதலில் சுருக்கமாக:

1. நாங்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் இலவசப் பாடத் தளம் ஒன்றை நடத்துகிறோம். அதில் ஒரு பயனரை நான் தடுத்தேன்.
2. தடுத்தது விதிப்படி சரி. அந்த விதியை எழுதியவளும் நான்தான்.
3. அந்தப் பயனர் மூன்று வாரத்துக்கும் மேலாக எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்களில் ஒருவருக்கும் அது காதில் விழவில்லை.
4. இருபத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பயனர் உப்பிலியபுரத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார்.

இனி விரிவாக.

எங்கள் தளத்தில் யார் வேண்டுமானாலும் பாடம் எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். கணிதம், வீட்டு வயரிங், முதலுதவி, கணினி என்று எல்லாம் தமிழில் இருக்கும். எந்த முடிவையும் தனியாள் எடுப்பதில்லை. ‘பேச்சுப் பக்கம்’ என்று ஒன்று உண்டு. அதில் ஏழு நாள் விவாதித்த பிறகுதான் எதுவும் நடக்கும். விதி மீறியவரைத் தடுப்பதை மட்டும் ஒரு நிர்வாகியே உடனடியாகச் செய்யலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மட்டும் நேரில் கூடுவோம். அங்கே எடுக்கும் முடிவு அன்றைக்கே செல்லும். நான் மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவள் என்பதால், தளத்தின் விதிகளையும் பூட்டுச் சாவிகளையும் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெருமையாகத்தான் செய்தேன்.

‘ஊசிநூல்’ என்ற பயனர் வந்து இரண்டு மாதம் இருக்கும். பின்னங்களை ரவிக்கை வெட்டுவதன் மூலம் சொல்லித் தரும் பாடங்கள். மார்புச் சுற்றளவை நாலால் வகு, வந்ததோடு தையலுக்கு இவ்வளவு சேர் என்று போகும். எட்டாம் வகுப்பில் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பின்னத்தைக் கண்டு பயந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயனரிடம் ஏதோ சரியில்லை என்று என் தொழில்புத்தி சொன்னது. இன்று ஒரு நடை, நாளை வேறு நடை. ஓரிடத்தில் ‘அளவு நாடா’, மறு வரியில் ‘டேப்பு’. எல்லாவற்றையும்விட விசித்திரம், அது தன்னோடு தானே சண்டை போட்டது.

பேச்சுப் பக்கத்தில் இப்படி இருக்கும்:

“பின்கழுத்து இறக்கம் எட்டு இஞ்ச் வச்சா தோள்ல கால் இஞ்ச் குறைக்கணும். - ஊசிநூல்”

“கால் பத்தாது. அரை. - ஊசிநூல்”

“நீ தைச்சுப் பாத்தியா? - ஊசிநூல்”

“உனக்குத் தைச்சதே நான்தான். - ஊசிநூல்”

படித்துச் சிரித்தேன். பிறகு, யாரோ கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்கள், அல்லது பலர் ஒரே பெயரில் ஒளிந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். எங்கள் நான்காம் விதி, ‘ஒருவருக்கு ஒரு பயனர் பெயர், அதை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது.’ ஒரு சனிக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் தடுத்துவிட்டேன்.

தடுக்கப்பட்டவர் வெளியிடாமல் வைத்திருக்கும் வரைவுகள் முப்பதாம் நாள் தானாக அழியும். எழுதியவரைத் தவிர வேறு யாராலும், என்னாலும்கூட, அவற்றைத் திறக்க முடியாது. இந்த இரண்டையும் அப்படி அமைத்தவளும் நான்தான். ஊசிநூலின் வரைவில் பன்னிரண்டு பாடங்கள் இருந்தன.

இருபத்து நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, பாலக்கரை அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் எங்கள் தளத்தின் இன்னொரு நிர்வாகி. பல வருடம் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர், வயரிங் பாடங்கள் எல்லாம் அவருடையவை.

“தங்கச்சி, பாடத்துக்குக் கீழே ‘தவறைத் தெரிவிக்க’ன்னு ஒரு பெட்டி இருக்குல்ல, அதுல வர்றதை யாரு பாக்கறா?”

“யாரும் தனியா பாக்கறதில்லைண்ணே. ஒரு மெயில்ல சேரும். மாசக் கடைசில மொத்தமா எடுப்பேன்.”

“என் ஃபேன் ரெகுலேட்டர் பாடத்துல தப்புன்னு ஒருத்தன் சொன்னான், அதைத் தேடப் போனேன். அங்க வேற ஒண்ணு கிடக்கு. நீயே படி. யா அல்லாஹ், எனக்கே ஒரு மாதிரியா இருக்கு.”

திறந்தேன். பதினெட்டுக் குறிப்புகள். முதலாவது: “பாடத்தில் தவறு ஒன்றும் இல்லை. எங்களால் உள்ளே போக முடியவில்லை.” அடுத்தது: “இது பாடத்தைப் பற்றியது அல்ல, மன்னிக்கவும். வேறு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.” இன்னொன்று: “பேச்சுப் பக்கத்தில் முறையிடலாம் என்று போட்டிருக்கிறீர்கள். பேச்சுப் பக்கத்துக்குப் போனால், நீங்கள் தடுக்கப்பட்டவர், இங்கே எழுத முடியாது என்கிறது. அப்போது எங்கே முறையிடுவது?”

முறையிடும் இடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, முறையிடலாம் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான முறை சோதித்துப் பார்த்த தளம். தடுக்கப்பட்ட ஆளாக ஒரு முறைகூட நான் உள்ளே நுழைந்து பார்த்ததில்லை.

கடைசிக் குறிப்பு முந்தின நாள் எழுதியது. “வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டம் ஸ்ரீரங்கத்தில் என்று தெரிகிறது. மறுநாள் திங்கட்கிழமை எங்கள் பாடங்கள் அழிந்துவிடும். நேரில் வருகிறோம்.”

பேச்சுப் பக்கத்தில் ஏழு நாள் விவாதம் என்றால் அடுத்த செவ்வாய் வரை ஆகும். அதற்குள் பாடங்கள் போய்விடும். தடை போட்டவள் தானே அதை நீக்கவும் கூடாது; வேறு இரண்டு நிர்வாகிகள் சேர்ந்துதான் நீக்க வேண்டும், அதுவும் முடிவெடுத்த பிறகு. ஆக, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றுதான் வழி. ‘எங்களால்’ என்ற சொல்லைக் கவனித்தேன். கணவன் மனைவியாக இருக்கும் என்று நினைத்து இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடச் சொன்னேன்.

கூட்டம் மேலச் சித்திரை வீதியில், கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில். அவரும் நிர்வாகிதான். நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரை மணிக்குப் படிக்கட்டில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அக்கா உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர், பின்னால் இருவர், பிறகும் வந்தபடி இருந்தார்கள்.

“வாங்க, வாங்க, உக்காருங்க. இதுல ஊசிநூல் யாருங்க?” என்று பாலக்கரை அண்ணன் கேட்டார்.

ஒன்பது கைகள் உயர்ந்தன.

அண்ணன் என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, ஒரே அமுக்குல ஒம்பது பேரை அமுக்கியிருக்க,” என்றார். மாடி முழுவதும் சிரிப்பு. எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது.

மூக்குக் கண்ணாடி அக்கா பையிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“நாங்க ஒம்பது பேரும் ஒரே கொட்டகையில தைக்கிறோங்க. வர்றவங்க அளவெல்லாம் இந்த ஒரே நோட்டுலதான். கை சும்மா இருக்கறவங்க அளவெடுத்து எழுதுவாங்க. தப்புன்னு பட்டா வேற யாராச்சும் அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதுவாங்க.”

புரட்டினேன். ஒன்பது விதக் கையெழுத்து. ஒரு பக்கத்தில் தோள் பதினாலு என்று எழுதி அடித்து, பதிமூணே முக்கால் என்று எழுதி, அதையும் அடித்துப் பதிமூணரை ஆக்கியிருந்தார்கள். எங்கேயும் யார் பெயரும் இல்லை.

“இதை யாரு திருத்தினதுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எதுக்குங்க தெரியணும்? அளவு சரியா இருந்தா போதாதா?” என்றார். “உங்க பக்கத்துல மேலேயே பெருசா போட்டிருந்தீங்களே, எல்லாரும் எழுதலாம், எல்லாரும் திருத்தலாம்னு. அட, நம்ம நோட்டு மாதிரியே இருக்குன்னு நெனச்சோம். மத்தியானம் மிஷினை நிறுத்திட்டுச் சாப்பிடறப்போ ஆளுக்கு ஒரு வரியா எழுதினோம்.”

அந்தப் பாடங்கள் யாருக்காக என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆவணியில் துறையூர்ப் பக்கமிருந்து பதினான்கு பெண்கள் அவர்களிடம் தையல் கற்க வருகிறார்கள். பெரும்பாலும் எட்டாவதோடு படிப்பை விட்டவர்கள். “கால், அரைன்னு சொன்னாலே தலையைக் குனிஞ்சுக்குவாங்க. நாங்களும் அப்படி இருந்தவங்கதான். திரும்ப எழுதலாம்னா, ரெண்டு மாசச் சாப்பாட்டு நேரத்தை எங்கிருந்து கொண்டு வர்றது?” என்றார் அக்கா.

இயற்பியல் ஆசிரியை தயங்கித்தான் கேட்டார். “நான் கேக்கறதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒரு பேருக்குள்ள ஒன்பது பேர் இருந்தா, நாளைக்குப் பாடத்துல தப்பு வந்துதுன்னா யாரைக் கேக்கறது?”

அவர்களில் இளையவளான, என் வயதுப் பெண் ஒருத்தி பட்டென்று சொன்னாள்: “எங்களைக் கேளுங்க. ஒருத்தி இல்லைன்னா எட்டுப் பேர் இருப்போம். உங்கள்ல ஒருத்தர் ஊருக்குப் போயிட்டா நீங்க யாரைக் கேப்பீங்க?”

ஆசிரியையே சிரித்துவிட்டார்.

வழக்கமாகக் கூட்டத்தில் குறிப்புத் தாளோடுதான் பேசுவேன். அன்றும் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துவிட்டு எழுந்தேன்.

“தடுத்தது நான். அதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதி ‘நீங்க யாரு’ன்னு கேட்டிருக்கலாம். கேக்கலை. அதுக்கப்புறம் நீங்க பேசறதுக்கு இருந்த கதவையும் சாத்தி வச்சிருக்கேன்னு எனக்கே தெரியலை. மன்னிச்சிடுங்க.”

“அட, விடுங்க கண்ணு,” என்றார் மூக்குக் கண்ணாடி அக்கா. “அதான் வந்துட்டோமே.”

தடையை நீக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. தடுக்கப்பட்டவர்களுக்கு ஓட்டு கிடையாது என்பதும் விதி; ஆகவே எட்டுப் பேர் கை தூக்க, ஒன்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஆசிரியை கடைசியாக, ஒரு நிபந்தனையோடு தூக்கினார். குழுவாக எழுதலாம், ஆனால் குழுவில் யார் யார் என்று பெயர்ப் பட்டியல் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அங்கேதான் புதுச் சண்டை தொடங்கியது. மூக்குக் கண்ணாடி அக்கா, “பேரு எதுக்கு? நோட்டுல பேரு கேட்டோமா?” என்றார்.

இளையவள் விடவில்லை. “நோட்டை நாம மட்டும் பாக்கறோம்க்கா. இதை ஊரே பாக்குது. என் பேரு வந்தா எங்க வீட்டுல காட்டுவேன்ல? மத்தியானம் போனை நோண்டிக்கிட்டு இருக்கேன்னு எங்க மாமியார் தினம் திட்டுது.”

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவ்வளவு நாள் ஒரே கொட்டகையில் இருந்தும் இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“சரிடி, போட்டுக்க,” என்றார். “முதல்ல உன் பேரையே போட்டுக்க.”

பாலக்கரை அண்ணனும் ஆசிரியையும் தங்கள் போனில் ஒவ்வொரு முறை அழுத்தினார்கள். அக்கா தன் போனில் திறந்தார். ஒன்பது தலைகளும் அதன் மேல் கவிழ்ந்தன. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்கள். பன்னிரண்டு வந்ததும் ஒருவர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கவோ என்னவோ, பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து எல்லார் கையிலும் திணித்தார்.

“நமக்கும் ஒரு சட்டை தைச்சுக் கொடுப்பீங்களா?” என்று பாலக்கரை அண்ணன் கேட்டார்.

“ஆம்பளைங்க சட்டை நாங்க தைக்கறதில்லைங்கண்ணே. போன வருஷத்து அளவைக் கொடுத்துட்டு இந்த வருஷத்து வயித்தோட வந்து நிப்பீங்க,” என்றாள் இளையவள். அண்ணன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு சிரித்தார்.

ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்துவிட்டுப் பெருமாளைப் பார்க்காமல் போவதா என்று நாலு பேர் கோயிலுக்குக் கிளம்ப, துறையூர் பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் சத்தம் போட, கடைசியில் ஒன்பது பேரும் சேர்ந்தேதான் கோபுரத்தை நோக்கி நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் தளத்தில் புதிதாக ஒரு பயனர் பெயரை உருவாக்கி, அதை நானே தடுத்துவிட்டு, அதன் வழியாக உள்ளே நுழைந்து பார்த்தேன். எங்கே போனாலும் சிவப்பு எழுத்து. ஒரு மணி நேரம் அப்படி அலைந்தபோது, விதிகளை மரியாதையான தமிழில்தான் எழுதியிருந்தேன், ஆனால் அவற்றில் எங்கேயும் ஒரு ஆள் இருப்பதாக நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று புரிந்தது. இன்றும் புதிதாக ஒரு விதி எழுத உட்கார்ந்தால், இதனால் வெளியே நிற்கப்போகிறவர் எந்த வழியாக வந்து பேசுவார் என்பதை எழுதி முடித்த பிறகுதான் விதியை எழுதுகிறேன்.

இப்போதைய நிலை இது. தடுக்கப்பட்டவரும் பேச்சுப் பக்கத்தில் எழுதலாம். வரைவுகள் தானாக அழிவதில்லை. யாரையும் தடுப்பதற்கு முன் ஒரு வரி எழுதிக் கேட்டு, மூன்று நாள் காத்திருக்கிறோம். இதுவரை இரண்டு பேரைக் கேட்டோம். ஒருவர் விளம்பரம் போட வந்தவர். பதிலே இல்லை, தடுத்தோம். இன்னொருவர் அரை மணி நேரத்தில் பதில் எழுதினார், இப்போது எங்களுக்கு வேதியியல் பாடங்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்.