ஜல்லியை நம்பாதவன்

ரோட்டு ஜல்லியைச் சோதிக்கும் வேலைக்கு முதல் தகுதி சந்தேகம். மாதிரி அள்ளிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும். நாம் யாரையும் நம்புவதில்லை, நம்மையும் யாரும் நம்புவதில்லை. ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊருக்கு ரோடு போட்டபோது நான் பட்ட பாடு இது.

குவியலின் அடியில்

குவியலின் மேலே எப்போதும் நல்ல ஜல்லிதான் இருக்கும். நமக்காகவே பரப்பி வைப்பார்கள். அதனால் வழக்கம்போல அடியில் கைவிட்டு அள்ளினேன். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், முனை மழுங்காத அருமையான உடைகல். இவ்வளவு அருமையா என்று சந்தேகம் வந்து நடுவில் தோண்டினால், ஆற்றுக் கூழாங்கல்! வழவழவென்று உருளும், ரோட்டில் பிடித்து நிற்காது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி முகத்தைச் சுளித்தார்.

"போன தபா அடியில தான சார் எடுத்தீங்க? இந்த தபா இன்னாத்துக்கு நடுவுல?"

வாளியில் ஊறிய கல்

தண்ணீரை அதிகம் குடிக்கும் கல் மழையில் சீக்கிரம் உதிரும். எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க ஒருநாள் ஊறவைத்து எடை போடுவோம். வாளியை டீக்கடை ஓரமாக வைத்தேன். கடைக்கார அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மலைக்கு அடியில் ஏதோ புதையல் இருக்கிறது, அதைத்தான் தேடுகிறேன் என்பது அவர் முடிவு.

"இன்னிக்கி கல்ல ஊற வெப்பீங்க, நாளைக்கி எங்க வூட்ட காலி பண்ண சொல்வீங்க."

தட்டைக் கல்

அடுத்து வந்த லோடில் பாதி தட்டைக் கல். ரோலர் ஏறினால் அப்பளமாய் நொறுங்கும். தட்டைக் கல் மட்டும் நுழையும் அளவுத் தகட்டின் இடுக்கில் போட்டேன். பொலபொலவென்று கீழே விழுந்தது. லோடைத் திருப்பி அனுப்பினேன், வேலை நின்றது.

அந்த ஊரில் சாமை பயிரிடும் வெள்ளையன் ஓடி வந்தார். அவர் மகளுக்கு நிறைமாதம். ரோடு வராவிட்டால் டோலி கட்டித்தான் கீழே தூக்கிப் போக வேண்டும். ஆனாலும் அந்தக் கல்லுக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. வெள்ளையன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல கல்லுன்னு சொல்லத்தான் காசு வாங்குவாங்க. கெட்ட கல்லுன்னு சொல்ல உங்களுக்கு யாரு குடுத்தாங்க?"

ஜீப் நின்றது

நல்ல ஜல்லி வந்து ரோடு முடிந்த வாரமே அவர் மகளை ஜீப்பில் ஆலங்காயத்துக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கைக்குழந்தையோடு திரும்பும்போது ஜீப் என் பக்கத்தில் நின்றது. வெள்ளையன் இறங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவரோ ரோட்டு ஓரத்தைச் செருப்பால் இரண்டு உதை உதைத்துப் பார்த்தார்.

"பேரன் நல்லா கீறான் சார். ரோடு நல்லா கீதான்னு ரெண்டு மழ பாத்துட்டு சொல்றேன்."

வெளியே சொல்லவில்லையே தவிர, அந்த இரண்டு மழைக்காகத்தான் நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.