எந்திரிக்கலாமுங்களா?

இது நடந்தது. எந்த வருஷம், மணி என்ன என்பதுவரை சொல்ல முடியும். கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் இத்தோடு பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. 1961, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆள் பெயர் சென்னிமலை. ஊர் ராசிபுரம். சேலம்–நாமக்கல் தடத்தில் பஸ் டிரைவர்.

அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது நாளாக இரட்டை டூட்டி. மாற்று டிரைவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், இடுப்பு விட்டுப்போயிருந்தது. எங்கேயாவது விழுந்து படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் தம்பி கந்தன் மூன்று தரம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். கந்தன் சேலத்தில் ஒரு கல்லூரியில் ஓவியம் படிக்கிறான். பிள்ளைகள் வரைந்த படங்களை எல்லாம் மாட்டி, ஊரார் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அன்று சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். அப்பன் ஆத்தா போன பிறகு சென்னிமலை தூக்கி வளர்த்த தம்பி அவன். அவனை விட்டால் வேறு நாதி கிடையாது. போகாமல் இருக்க மனசு கேட்குமா? காக்கிச் சட்டையோடு போனான்.

உள்ளே நல்ல கூட்டம். பெயின்ட் வாசம் தூக்கலாக இருந்தது. வாத்தியார்களோடு நின்றிருந்த கந்தன், கடைசி அறையில் தன் படம் இருக்கிறது, போய்ப் பாருங்கள், பின்னாலேயே வருகிறேன் என்று கையைக் காட்டினான். அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. அதைச் சென்னிமலை பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தான்.

கடைசி அறையில் ஒரு பெஞ்சு கிடந்தது. படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தான். உட்கார்ந்தான். மணி ஏழு இருபது.

எதிரே முக்காலியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசு இருக்கும். அரக்குச் சேலை. முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் முழங்கால் மேலே. அவள் தலைக்கு மேலே சுவரில் அவளுடைய படமே மாட்டியிருந்தது. வரைகிறவர்களுக்காக உட்கார வருகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை. ஒருத்தர் அவள் சேலை முனையை மிதித்தபடியே நின்றார்... அவள் இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஈ அவள் கன்னத்தில் ஊர்ந்து கண்ணோரம் போய் உட்கார்ந்தது. அவள் இமைக்கவில்லை.

“தம்பி, மணி என்னாச்சுங்க?”

சொன்னான்.

“நா எந்திரிக்கலாமுங்களா? ஆரும் இன்னுஞ் சொல்லலீங்க.”

பாவம், இவளும் நம்மைப் போல டூட்டி முடியாமல் கிடக்கிறாள் என்று இரக்கமாக இருந்தது. யார் உட்கார வைத்தது என்று கேட்டான். கந்தன் என்றாள். அவன் என் தம்பிதான் என்றான் இவன். அப்போதுதான் அவள் கண் அவன் பக்கம் திரும்பியது. கண் மட்டும்... கழுத்து திரும்பவில்லை.

அவனுக்கு என்னவோ போலிருந்தது. எழுந்தான்.

“செரிங்கக்கா, வாரேனுங்க.”

“எப்பங்க?”

சுருக்கென்றது. கொங்குச் சீமையில் ‘போறேன்’ என்று சொல்லி யாரும் கிளம்புவதில்லை. ‘வாரேன்’ என்றாலே கிளம்புகிறேன் என்றுதான் அர்த்தம். எழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. பேசாமல் கிளம்பிவிட வேண்டும். ‘வாரேன்’ என்றதற்கு எப்போது என்று திருப்பிக் கேட்ட ஆளை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அலுப்பு வேறு. எதையாவது சொல்லித் தப்பித்தால் போதும் என்றாகிவிட்டது.

“வெள்ளிக்கெழம இதே நேரத்துக்கு வாரேனுங்க. கந்தனையுங் கூட்டியாரேன்.”

“செரிங்க,” என்றாள்.

வராந்தாவில் கந்தன் எதிரே வந்தான். அந்தப் பொம்பளையை இன்னும் உட்கார வைத்திருக்கிறாயே, எழுந்துகொள்ளச் சொல்லக் கூடாதா என்று சென்னிமலை கடிந்துகொண்டான். கந்தன் முகம் செத்துப்போயிற்று.

அவள் பெயர் பெருமாயி, ஓமலூர்ப் பக்கம். தை மாதமே செத்துப்போய்விட்டாள். அந்த முக்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். நான் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வரைந்தவன் கந்தன். இன்றைக்கு நன்றாக அசையாமல் இருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டானாம். ஒரு மணி நேரம்... பிணத்தை வரைந்திருக்கிறான்.

இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். படம் இருந்தது. முக்காலி இல்லை. அதை அவள் செத்த அன்றைக்கே உடைத்து அடுப்பில் வைத்துவிட்டார்களாம்.

தான் கொடுத்த வாக்கைச் சென்னிமலை தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டான். கந்தனை அங்கே கூட்டிப்போவதாவது! தான் மட்டும் போய், எழுந்துகொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் முடிந்தது என்று நினைத்தான். தம்பியை அவன் வாடகை அறையில் நாற்காலியில் உட்கார வைத்தான். பயந்து எங்கேயாவது போய்விடுவானோ என்றிருந்தது.

“நா வந்து சொல்ற வரைக்கும் எந்திரிக்கப்படாது சாமி.”

“செரிங்ணா.”

வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

ஏழு இருபது. கல்லூரியில் படங்களைக் கழற்றியிருந்தார்கள். கடைசி அறை பூட்டிக் கிடந்தது. சென்னிமலை கதவில் வாயை வைத்தான்.

“அக்கா, எந்திரிச்சுக்குங்க.”

உள்ளே... டொக்.

முக்காலி நகர்கிற சத்தம்.

இந்தத் தரம் உஷாராக இருந்தான். ஆயுசில் சொல்லாத வார்த்தையைச் சொன்னான்.

“நா போறேனுங்க.”

கதவுக்கு அந்தப் பக்கம், காதோரமாக...

“செரிங்க தம்பி. நா வாரேன்.”

விடைபெற்றுக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தான். மூன்று நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை.

வழியில் சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பது. பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. திறந்தான்.

கந்தன் நாற்காலியில் இருந்தான்.

முதுகு நிமிர்ந்து...

இரண்டு கையும் முழங்கால் மேலே.

“எந்திரிக்கலாமுங்களாண்ணா? ஆரும் இன்னுஞ் சொல்லலீங்க.”

“எந்திரி சாமி.”

எழவில்லை.

தோளைத் தொட்டான்.

சில்லென்று...

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். உடம்பு விறைக்க ஆரம்பித்துவிட்டது, எப்படியும் ஏழரை மணிக்கு முன்னாலேயே உயிர் போயிருக்கும் என்றார்.

“எட்டு அம்பதுக்கு எங்கிட்டப் பேசுனானுங்க,” என்றான் சென்னிமலை.

டாக்டர் அவன் கண்ணைப் பார்த்தார். தூங்கி எத்தனை நாளாகிறது என்று கேட்டார்.