சேதம்: பொத்தான் ஒன்று

மாப்பிள்ளைக்கு எட்டு வருடமாக ஒரே மனக்குறை. மச்சான் அவரைத் திட்டவே இல்லை. ஒரு ‘மடையா’ கூட இல்லை. திட்டியிருந்தால் இவரும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை விட்டிருப்பார். ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலைந்துவிட்டு, ஏதாவது பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானமாகியிருக்கலாம். மச்சானோ பார்க்கும்போதெல்லாம் “சாப்பிட்டியா மாப்பிள்ளை” என்று கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்.

இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். மச்சானின் தங்கையைத்தான் மாப்பிள்ளை கட்டியிருந்தார். வேலையும் அந்த வழியாக வந்ததுதான். ஜோடி வேலை அது. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கிரீஸ் போடுவார், கம்பி வடத்தைப் பார்ப்பார். மற்றவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் காவல் இருப்பார். திரும்பப் போடுமுன் குரல் கொடுக்க வேண்டும், கீழிருந்து பதில் வர வேண்டும். சம்பளம் வாங்கத் தெரிந்த எவனும் கற்றுக்கொள்ளக்கூடிய சட்டம்.

அன்று ஏழு மாடி ஆபீஸ் கட்டடம். மேல் மாடியில் பெரிய அதிகாரி லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார் என்று கட்டட மேனேஜர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து மாப்பிள்ளை காதில் ஓதிக்கொண்டிருந்தார். கீழே எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மச்சான் வெளியே வந்துவிட்டார் என்று மாப்பிள்ளை தானாக முடிவு கட்டினார். குரல் கொடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டார். அதிகாரியை அழைத்துவரப் பெட்டி மரியாதையாக மேலே புறப்பட்டது, மச்சானைத் தலைமேல் வைத்துக்கொண்டு.

கூரைமேல் இருந்த நிறுத்தும் சுவிட்ச் மாதக்கணக்காகக் கெட்டுக் கிடந்தது. மச்சான் மல்லாந்து படுத்தார். பெட்டி நின்றபோது லிஃப்ட் குழியின் உச்சியிலிருந்த இரும்பு உத்தரம் அவர் நெஞ்சை உரசி நின்றது. சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துக்கொண்டது, அவ்வளவுதான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கம்பெனி அறிக்கையில் “சேதம்: பொத்தான் ஒன்று” என்று எழுதினார்கள். அதே தாளில் மாப்பிள்ளை தன் பங்குக்கு எழுதினார்: “மூன்று முறை குரல் கொடுத்தேன். ‘வந்துட்டேன், போடு’ என்று பதில் வந்தது.” மச்சான் அதைப் படித்தார். மாப்பிள்ளை முகத்தை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிறகுதான் வேடிக்கை ஆரம்பம். மச்சான் லிஃப்ட் பக்கம் போவதில்லை. குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. மல்லாந்து படுப்பதில்லை. ஒரு விருந்தில் காற்றுக்குக் கதவு அறைந்ததும் சாப்பாட்டு மேசைக்கடியில் போய்த் தரையோடு ஒட்டிக்கொண்டார். உறவுக்காரர்கள் இலவச வைத்தியத்தைத் தொடங்கினார்கள். “நடந்ததை மறந்துடுப்பா,” என்றார் ஒருவர், மறதி ஏதோ மருந்துக்கடையில் கிடைக்கிற மாதிரி. “ஒரு கீறல்கூட இல்லையே, அப்புறம் என்ன?” என்றார் தடுக்கி விழுந்ததற்கே ஒரு மாதம் லீவு போட்ட இன்னொருவர். பட்டறையில் ‘பொத்தான்’ என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி அவரைக் கீழ்த்தளத்து உதிரிபாகக் கிடங்கில் உட்காரவைத்து, ஓர் ஆலோசகரிடமும் அனுப்பியது. ஆலோசகர் அறை ஐந்தாவது மாடியில். மச்சான் படியேறி, மூச்சு வாங்கப் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னார் ஆலோசகர்.

“கடற்கரையில கூரை இல்லைங்களே. அங்க எனக்கு ஒரு பயமும் கிடையாது. நீங்க ஏன் என்னை அங்க அனுப்புறீங்க?” என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார் மச்சான்.

மாப்பிள்ளையோ சூப்பர்வைசர் ஆனார். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் அவர்தான் எடுத்தார். “குரல் கொடுக்காம சுவிட்ச் போடாதீங்க” என்று மேசையைத் தட்டிச் சொல்வார். பதிலைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு உதாரணம் மச்சான். உதாரணம் கீழே கிடங்கில் போல்ட் எண்ணிக்கொண்டிருக்கும்.

எட்டாவது வருடம் தங்கைக்குப் பொறுமை போனது. “எங்கண்ணன் செருப்பு வைக்கிற அலமாரியைக்கூடச் சாத்த மாட்டேங்குது. நீங்க நல்ல டாக்டரா பார்த்துக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நானே போகவா?” என்றாள் புருஷனிடம். மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். பெரிய ஆஸ்பத்திரி; தரைத்தளம்; டாக்டரம்மா அதிகம் பேசாதவர்.

“உங்களுக்குத் தைரியம் ஒண்ணும் குறையலை,” என்றார். “ஆபத்து முடிஞ்சு போச்சுன்னு உங்க உடம்புக்குத் தெரியலை, அவ்வளவுதான். சத்தம் கேட்டா அது இன்னும் அந்த உத்தரத்துக்கு அடியிலதான் படுத்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வெளியே கொண்டு வரலாம். இங்க வந்து சொல்லுங்க. வீட்டுலயும் நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட அன்னிக்கு நடந்ததை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வாய்விட்டுச் சொல்லுங்க. தினமும்.”

“மாப்பிள்ளைகிட்டயே சொல்றேன். அங்க இருந்தது அவன்தானே,” என்றார் மச்சான். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு வேளையில் கிடங்கில் கதை நடந்தது. மச்சான் கிரீஸ் டப்பாவிலிருந்து தொடங்குவார், கதவுச் சத்தம் வரை தடங்கலில்லாமல் வருவார். அங்கே தினமும் மாட்டிக்கொள்வார்.

“நீ கூப்பிட்ட. நான் ‘வந்துட்டேன், போடு’ன்னு சொல்லியிருக்கேன். எனக்குச் சொன்ன ஞாபகமே இல்லை மாப்பிள்ளை. கூரைமேல நின்னுக்கிட்டே வந்துட்டேன்னு எவனாவது சொல்வானா? லிஃப்டை நம்பிடலாம், அது இரும்பு. என் வாயை நம்பி நான் எப்படி மறுபடி ஏறுறது?”

மாப்பிள்ளை சோற்றைப் பார்த்தார். எட்டு வருடம் திட்டு வராததன் காரணம் டிபன் பாக்ஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. மனுஷன் தன்னையேதான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இவருக்குக் கொடுக்க மிச்சமில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் மாப்பிள்ளை எட்டு நாள் மென்று விழுங்கினார். சூப்பர்வைசர் நாற்காலி மெத்தையுள்ளது. ஒன்பதாம் நாள், கதவுச் சத்தம் வந்த இடத்தில், குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

“நான் கூப்பிடலை, மச்சான்.”

“என்னது?”

“கூப்பிடவே இல்லை. நீங்களும் பதில் சொல்லலை. அறிக்கையில நான் பொய் எழுதினேன்.”

மச்சான் டிபன் பாக்ஸை மூடினார். அதன் மூடியை மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். பிறகு வந்தது. மடையா என்று தொடங்கி, தறுதலையில் நின்று மூச்சு வாங்கி, என் தங்கச்சியை உனக்குக் கொடுத்த நேரம் என்று இருபது நிமிடம் ஓடியது. போல்ட் வாங்க வந்த ரெண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவ்வளவு நாள் ஏங்கியது கிடைத்தும் மாப்பிள்ளைக்குக் கொஞ்சமும் ருசிக்கவில்லை.

“இதை உன் வகுப்புல சொல்லு,” என்றார் மச்சான் கடைசியில். “என் பேரை உதாரணத்துல இருந்து எடு. உன் பேரைப் போடு.”

சொன்னார். மறுவாரமே மாப்பிள்ளையின் நாற்காலியும் போனது, பழைய கருவிப்பை தோளுக்கு வந்தது.

மச்சானுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று கதை கட்ட வேண்டாம். செருப்பு அலமாரி இன்றும் திறந்தேதான் கிடக்கிறது. கதவு அறைந்தால் தோள் குறுகுகிறது. ஆனால் டாக்டரம்மா போட்டுக் கொடுத்த வரிசைப்படி ஒரு மாதம் லிஃப்ட் வாசலில் நின்றார். பிறகு திறந்த பெட்டிக்குள் நின்றார். பிறகு ஒரு மாடி, ரெண்டு மாடி. ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அதே ஏழு மாடிக் கட்டடத்துக்கு, அதே ஜோடியாகப் போனார்கள்.

கூரைமேல் நிறுத்தும் சுவிட்ச் புதிதாக இருந்தது. மச்சான் அதை நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறி நின்றார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். மாப்பிள்ளைதான் மோட்டார் அறைக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

“மச்சான், இன்னிக்கு நான் கூரைமேல நிக்கிறேன். நீங்க சுவிட்ச் பக்கம் போங்களேன்.”

“உன் பயத்துக்கு நீ தனியா டாக்டரைப் பாரு,” என்றார் மச்சான். “நான் இறங்கப் போறதில்லை. இங்க நின்னுக்கிட்டே பெட்டியை ஓட்டி வடத்தைப் பார்க்கணும், நிறுத்துற சுவிட்ச் என் கைக்கிட்டதான் இருக்கு. நீ மேல போ. குரல் கொடு. ‘மேலதான் நிக்கிறேன், போடு’ன்னு நான் சொல்லுவேன். என் வாயாலதான் வரும், நல்லாக் கேட்டுக்கோ. கேட்டப்புறம் சுவிட்சைப் போடு.”