ஏலத்துக்கு வராத படகுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு சின்ன மீனவர் குப்பத்துக்கு நான் தினமும் காலையில் ஸ்கூட்டியில் போய் வந்துகொண்டிருந்தேன்.

எனக்கு ஊர் காட்டூர். நெல் விளைகிற வீட்டில் பிறந்து நெல் விளைகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மீனைக் குழம்பில் பார்த்ததோடு சரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதில் புள்ளியியலும் நிகழ்தகவும் என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. சராசரியோ, திட்ட விலக்கமோ, பையில் இருக்கும் சிவப்புப் பந்தோ, பிள்ளைகள் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அந்த வருடம் ஏரியின் முகத்துவாரம் மண் தூர்ந்து அடைபட்டுவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் மீன்பாடு படுத்துவிட்டது. பாதிக்கப்பட்ட குப்பங்களுக்குப் புது வலை கொடுக்க ஒரு தொண்டு அமைப்பு முன்வந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் கொடுக்க முடியாது. ஒரு படகுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு கிலோவுக்குக் கீழே மீன் கிடைக்கிற ஊருக்கு மட்டும்தான். அதைக் கணக்கெடுக்கக் கணக்கு தெரிந்த உள்ளூர் ஆள் தேடினார்கள். அந்த வேலை எனக்கு வந்தது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து, வருகிற படகின் எடையை எழுதி, கடைசியில் கூட்டி வகுக்க வேண்டும். இதற்குப் போய் ஆளைத் தேடினார்களே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அங்கே ஏலம் விடுவது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது சின்னவள். தெருக்கோடி வரை கேட்கிற குரல். முதல் நாள் நான் நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். "இன்னா டீச்சரம்மா, ஒரு கையில மூக்க புடிச்சிக்கினு ஒரு கையில நோட்ட புடிச்சிக்கினா எந்தக் கையில எழுதுவீங்க?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவளேதான் ஒரு மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். ஒவ்வொரு படகின் எடையையும் எனக்காக இரண்டு தடவை கத்திச் சொல்வாள். ஏலம் முடிந்ததும் நாஸ்டாவைப் பிரித்து எனக்கும் இரண்டு இட்லி வைப்பாள்.

தினமும் இருபது படகு போல வரும். இந்த ஊரில் அவ்வளவுதான் படகு என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. படகுக்காரர் பெயரையும் நான் எழுதவில்லை, எடையை மட்டும்தான் எழுதினேன்.

மாதக் கடைசியில் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். சராசரி பதினொன்று. இரண்டு முறை சரிபார்த்தேன், பிசகே இல்லை. பிள்ளைக்கு நல்ல மார்க் வந்ததைச் சொல்கிற மாதிரி அவளிடம் சொன்னேன்.

"பதினோரு கிலோம்மா. ஆறுக்குக் கீழே இருந்தாத்தான் வலை. உங்க ஊரு பரவாயில்லாமத்தான் இருக்கு."

அவள் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"பதினொண்ணா? எந்தப் படகுக்கு டீச்சரம்மா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சராசரி என்றால் என்ன என்று டியூஷன் குரலில் விளக்க ஆரம்பித்தேன். அவள் முழுசாகக் கேட்கவில்லை.

"உங்க கணக்கு எனக்குத் தெரியாது. நாளைக்கு ஏலத்துக்கு வர வாணாம். நேரா எங்க தெருவுக்குப் பின்னால வாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போகிற எண்ணமே இல்லை. அன்று சாயங்காலமே போனில் அறிக்கையை அனுப்பிவிடத்தான் இருந்தேன். போனை என் மகள் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடிந்ததும் அந்த இட்லிக்கு மரியாதை கொடுத்தாவது ஒரு நடை போய்விட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

அவள் தெருவுக்குப் பின்னால் ஏரியிலிருந்து பிரிந்து வருகிற ஒரு ஓடை. அதில் வரிசையாகப் படகுகள் கட்டிக் கிடந்தன. எண்ணினேன். இருபத்திநாலு. வலையெல்லாம் ஈரமாக இருந்தது, உள்ளே மீன் இல்லை. ஆட்கள் பேசாமல் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் எப்போ வந்துச்சு?" என்று, அங்கே எனக்காகக் காத்து நின்ற அவளிடம் கேட்டேன்.

"இப்பத்தான். ராத்திரி பூரா ஏரியில இருந்துட்டு."

"அப்போ ஏலத்துக்கு ஏன் வரல?"

"வெறுங்கூடையவா ஏலம் போடச் சொல்றீங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீன் கிடைத்தவர்கள்தான் ஏலத்துக்கு வருவார்கள். கிடைக்காதவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் வீட்டுக்குப் பின்னால் படகைக் கட்டிவிடுவார்கள். இன்று ஏலத்துக்கு வந்த படகு நாளை ஓடையில் கிடக்கும். வெறுங்கையோடு திரும்புகிறவர்களிடம் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது அந்த ஊரில் யாரும் சொல்லித்தராத மரியாதை.

டியூஷனில் நான் தொண்டை கிழியக் கத்துகிற ஒரு விஷயம் உண்டு. பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள், கூட்டும்போது அது ஒன்றும் செய்யாது, ஆனால் வகுக்கும்போது அதுவும் ஒரு தலை. ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவள், ஒரு மாதமாகப் பூஜ்ஜியங்களை எல்லாம் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன். இருபது படகு, ஆளுக்குப் பதினொன்று, இருநூற்றிருபது கிலோ. அதை நாற்பத்திநாலால் வகுத்தால் ஐந்து. நின்ற இடத்திலேயே மனக்கணக்காகப் போட்டேன்.

நோட்டைத் திறந்துகொண்டு ஒருவரிடம் போய்க் கேட்டேன். "ஏதோ கொஞ்சம் கெடச்சுது," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். எங்கிருந்தோ வந்த ஒரு பொம்பளையிடம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

அப்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏலம் விடுகிற அதே குரலில், ஓடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"டீச்சரம்மா, மொதல்ல எங்க வூட்டுப் படக எழுதுங்க. எங்க நைனாவும் எங்க வூட்டுக்காரரும் போய்ட்டு வந்தாங்க. சைபர்."

அவள் கணவர் படகுக்குள் குனிந்து நின்றிருந்தார். நிமிரவே சற்று நேரம் ஆனது. பிறகு அவரே, "இந்த வாரத்துல இது நாலாவது நாளு. அதையும் எழுதிக்கோங்க," என்றார்.

நாலு படகு தள்ளி ஒருவர், "நமக்கும் சைபர்தான்," என்றார். இன்னொருவர், "நாலே நாலு நண்டு. கொழம்புக்கே பத்தாது, அத எத்தினி கிலோன்னு போடுவீங்க?" என்றதும் சிரிப்பு கிளம்பியது. அதன் பிறகு எனக்கு எழுதக் கை போதவில்லை.

ஒரு மாதமாக என் பக்கத்தில் நின்று ஊரார் மீனின் எடையை எனக்குக் கத்திச் சொன்னவளின் வீட்டுப் படகு, பாதி நாள் அந்த ஓடையில் வெறுமனே கிடந்திருக்கிறது. அந்த இட்லியை அவள் எப்படிப் பங்கு போட்டாளோ.

தொண்டு அமைப்பின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன். அங்கே பேசிய அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னும் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பத்து நாளும் அவள் ஏலத்தை நாத்தனாரிடம் விட்டு, அங்கே வருகிற எடையைக் குறித்து வைக்கவும் சொல்லிவிட்டு என்னோடு ஓடைக்கு வந்து நின்றாள். சராசரி ஐந்தே கால் வந்தது. நாற்பத்திநாலு வீட்டுக்கும் வலை வந்தது.

வலை கொடுத்த அன்று அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "நாங்கதான சொல்லணும், நீங்க எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். அவள் மட்டும் இல்லை என்றால், இரண்டு முறை சரிபார்த்த திருப்தியோடு நாற்பத்திநாலு குடும்பத்தின் வலையைத் தடுத்திருப்பேன். தடுத்தேன் என்பதுகூடத் தெரியாமல் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போதும் டியூஷனில் சராசரிக் கணக்கு நடத்துகிறேன். பூஜ்ஜியத்தை எழுதும்போது மட்டும் என் கை ஒரு நொடி நின்று போகிறது. அதை ஊர் கேட்க முதலில் சொல்வதற்கு ஒருத்திக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.