கம்பெனி பஸ்ஸைக் காக்க வைத்தவள்

ஷிப்ட் முடிந்து மணி அடித்ததும் நாங்கள் எல்லோரும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவோம். பூங்கொடி மட்டும் வரமாட்டாள். அன்று முழுக்கச் சக்கர நட்டுகளை முறுக்கிய டார்க் ரெஞ்சை, வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் அந்த ரெஞ்சை, துணியால் துடைப்பாள். கைப்பிடியைத் திருப்பி அளவை மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டு வருவாள். அதற்கும் கீழே போக விடமாட்டாள். உள்ளே ஸ்பிரிங் ராத்திரியெல்லாம் அழுந்திக் கிடந்தால் நாளடைவில் அளவு மாறிவிடும் என்பாள். பிறகு பெட்டியில் படுக்க வைத்து மூடுவாள். அதுவரை டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்.

"வந்துட்டாங்கப்பா மகராசி! புள்ளயத் தூங்க வெச்சாச்சா?" என்று ஜன்னலோரத்திலிருந்து நாராயணம்மா கத்துவாள். பஸ்ஸே சிரிக்கும்.

"வெச்சாச்சு. நீ கத்தி எழுப்பிறாத."

பூங்கொடிக்குக் கோவில்பட்டிப் பக்கம். நாராயணம்மா எல்லையோரத்துப் பாகலூர்க்காரி, வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், திட்டுவதற்குத் தமிழ். கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனை மூடிய பிறகு இருவரும் சேர்ந்து தொரப்பள்ளி போகும் சாலையில் டயர் கடை போட்டார்கள். பெண்கள் ஜாக்கி போடுவதை வேடிக்கை பார்க்கத்தான் முதலில் ஆட்கள் நின்றார்கள். அப்புறம் வண்டியோடு வந்தார்கள்.

கடையில் இரண்டு டார்க் ரெஞ்ச். ஒன்று தினசரி வேலைக்கு. மற்றொன்று சரிபார்க்க மட்டும். அது பூங்கொடியின் பெட்டியில் இருக்கும்.

போன மாம்பழ சீசனில் ஒரு காலை, லோடு டிராக்டர் ஒன்று பஞ்சராகி வந்தது. நட்டெல்லாம் துரு. கைப்பிடி நீளமாக இருக்கிறதே என்று நாராயணம்மா தினசரி ரெஞ்சை மாட்டி, அதன் மேல் ஏறி மிதித்துக் கழற்றிவிட்டாள். அடுத்து வந்த ஆனந்தராஜின் பள்ளிக்கூட வேனுக்கும் அதே ரெஞ்சால் பின்சக்கரத்தை முறுக்கி அனுப்பினாள். டீ வாங்கிக்கொண்டு திரும்பிய பூங்கொடி, கீழே கிடந்த ரெஞ்சில் துருத்தூளைப் பார்த்தாள்.

"இதுலயா கழட்டுன?"

"அவசரத்துக்குத்தான்க்கா."

"முறுக்கத்தான்டி இது, கழட்ட இல்ல. ஏறி மிதிச்சா அளவு போயிரும். வேனுக்கும் இதேதானா?"

நாராயணம்மாவுக்கு முகம் வெளுத்தது. "டிக்குனு சத்தம் வந்துச்சுக்கா. எல்லா நட்டுக்கும் வந்துச்சு."

"வரும். சரியான எடத்துல வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?"

ஆனந்தராஜ் வண்டி ஓட்டும்போது போனை எடுக்கமாட்டார். கடையை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பூங்கொடி நாராயணம்மாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தாள். தொரப்பள்ளியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பத் தயாராக நின்றது.

"அண்ணே, புள்ளைகள எறக்குங்க."

"ஏம்மா, பெல் அடிச்சிருவாங்க!"

"அடிக்கட்டும்."

பூங்கொடி பெட்டியிலிருந்த ரெஞ்சை மாட்டி முறுக்கினாள். முதல் நட்டு சத்தமே இல்லாமல் கால் சுற்றுத் திரும்பிய பிறகுதான் 'டிக்' என்றது; அவ்வளவு தளர்வு. உடனே கையை எடுத்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு, சுற்றி நின்ற பிள்ளைகள் காத்திருந்து, சேர்ந்து "டிக்!" என்று கத்தினார்கள். நாராயணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கெட்டுப்போன ரெஞ்சைச் சோதனைக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினார்கள். போன வாரம் கடை மூடும் நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். பூங்கொடி ஸ்கூட்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாராயணம்மா குனிந்து, ரெஞ்சின் கைப்பிடியை மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, புள்ள தூங்கிருச்சா?"

"கத்தாதக்கா. இப்பத்தான் கண்ண மூடுது."