அண்ணனுக்காக ஒரு லேத்து

துபாயில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத்து ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன், எண்பதுகளின் கடைசியில் மரக்காணம் திரும்பியபோது, வலது கையில் மெஷினுக்குப் பறிகொடுத்ததுபோகக் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். கட்டிலைவிட்டு எழுவதே அபூர்வம். இடது கையால் சாப்பிட மனம் வராமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாண வயதைத் தாண்டிய மகனுக்கு அம்மா ஊட்டிவிட்டாள்.

உப்பளத்து மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எனக்கு வேறென்ன தெரியும்? வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு லேத்து செய்து வைத்தால் அண்ணன் எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

காற்றில் விழுந்த உப்புக் கொட்டகையிலிருந்து இரண்டு இரும்புச் சட்டங்களைக் கேட்டு எடுத்துவந்தேன். சுழல்தண்டுக்குத் தூக்கிப்போட்ட பம்பின் ஷாஃப்ட், பழைய கிரைண்டர் மோட்டார், உளியை நகர்த்த, மேஜையில் பூட்டும் உடைந்த வைஸ்கள் இரண்டின் திருகுகள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கு மட்டும் பாண்டிச்சேரியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இன்று தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு உப்புக்காற்றில் நாளைக்கே துருவேறிவிடும். மறுபடி தேய்ப்பேன்.

ஒருவழியாக மேஜைமேல் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். மேஜையே குதித்தது.

"ஆஃப் பண்ணுடா! ஷாஃப்ட் கோணலா இருக்குது," என்று உள்ளிருந்து குரல் வந்தது. அண்ணன் பின்வாசலில் வந்து நின்றார்.

"இத நேராக்கணும்னா என்னண்ணே பண்றது?"

"லேத்துல கொடுத்துக் கடையணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தச் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

ஷாஃப்டைத் திண்டிவனத்துக்குத் தூக்கிப்போய், ஒரு பட்டறையில் கடையக் கொடுத்து வாங்கிவந்தேன். இந்தத் தடவை மெஷின் ஆடாமல் சுற்றியது. அண்ணன் குளித்துவிட்டு, துபாயில் வேலைக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். உளியை நகர்த்தும் இரண்டு கைப்பிடிகளில் ஒன்றை இடது கையால் திருகினார். மற்றதில் வலது கையின் அந்த இரண்டு விரல்களும் வழுக்கின. உளி ஆழமாகக் குத்தியது, பித்தளை தெறித்து ஓடியது. தோள் துண்டை எடுத்து வலது கையைப் பிடியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். அப்படியும் பிடி சீராகத் திரும்பவில்லை. கடைந்து எடுத்த பித்தளை முழுக்க வரிவரியாகப் பள்ளம்.

"கொஞ்ச நாள் பழகினா வந்துடும்ண்ணே."

"மெஷின் நல்லாத்தாண்டா இருக்குது. எனக்குத்தான் கை இல்ல."

"அப்ப நீங்க சொல்லுங்க, நான் ஓட்டுறேன்."

ஒப்புக்கொண்டார். என் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பழகிய என் கைக்கு அது பிடிபடவே இல்லை. நான் தப்பாகத் திருகும்போதெல்லாம் அவருடைய வலது கை என் தோளுக்கு மேலாகப் பாய்ந்து வந்து, பாதியிலேயே நின்றுவிடும். ஒரு மத்தியானம் ஏதோ கேட்கத் திரும்பினேன். அவர் அங்கே இல்லை. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகு குலுங்கியது. அவரைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றேன். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்குப் பிறகு அண்ணன் வானூரில் மாமாவின் துணிக்கடையில் போய் உட்கார்ந்தார். ஆட்கள் வந்தால் வலது கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்வார். நான் போனால் டீ வரவழைத்து, அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரிப்பார். லேத்து என்ன ஆயிற்று என்று கேட்டதே இல்லை.